மாநில எல்லைக்குள் இணைய வணிகம்

தமிழ்நாட்டின் பாலவாக்கத்து வீடொன்றில் தைக்கப்படும் துணிப்பைகளை இணையச் சந்தைத் தளங்களின் வழியே விற்க முனைந்த ஒருவர், விற்பனை எவ்வளவு சிறியதாயினும், 2023 செப்டம்பர் வரை சரக்கு மற்றும் சேவை வரிப் (ஜிஎஸ்டி) பதிவு பெற்றே தீர வேண்டியிருந்தது. கடையில் நேரடியாக விற்பவருக்கோ, ஆண்டு விற்றுமுதல், அதாவது ஓராண்டின் மொத்த விற்பனைத் தொகை, 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை பொதுவாக அக்கடமை இல்லை.

இந்த வேற்றுமை 2023 அக்டோபர் 1 முதல் நீங்கியது. அவ்வரம்புக்குள் பொருள் விற்பவர், வருமான வரித் துறை வழங்கும் பான் எண்ணைக் கொடுத்து, ஜிஎஸ்டி இணையதளத்தில் சேர்க்கை எண் ஒன்றைப் பெற்றாலே போதும்.

ஆயினும் விற்பனை ஒரே மாநிலத்துக்குள் முடிய வேண்டும் என்பது முதன்மையான நிபந்தனை. பாலவாக்கத்திலிருந்து கன்னியாகுமரிக்குப் பொருள் அனுப்பலாம். ஆனால் பாலவாக்கத்தின் ஊடே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலை சென்றடையும் புதுச்சேரி தனி ஒன்றியப் பிரதேசமாதலால், அங்கு அனுப்பும் ஒரு பொட்டலம்கூட இச்சலுகைக்குப் புறம்பாகிவிடும்.

ஆகவே புதியவர், முதலில் தமிழ்நாட்டுக்குள் விற்று, சிறுதொழில்களுக்கு ஒன்றிய அரசு 2020 ஜூலை முதல் கட்டணமின்றி வழங்கும் அடையாளமான உத்யம் பதிவையும் பெற்று, தளத்தின் தரகும் அனுப்பும் செலவும் போக மிஞ்சுவதைக் கணக்கிட்டு, ஆதாயம் நிலைத்த பின்னர் முழுப் பதிவுடன் எல்லை கடப்பதே முறை. சிறுமுதலோடு வீட்டிலிருந்தே தொழில் தொடங்குவோருக்குச் சட்டம் திறந்துள்ள இவ்வழி, அறியாமையால் எவருக்கும் கிட்டாமல் போகக் கூடாது.