பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும்: பெற்றோர் கடமை, சங்கத்தின் கடமை

(பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளுக்கும் அவர்தம் பெற்றோருக்கும் சங்கம் கூட்டிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



கல்லூரியைப் பற்றிப் பேச எங்களுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நாங்கள் பத்தாவதோடு நின்றவர்கள். ஆனால் ரயிலே ஓடாத இந்தத் தீவில், ரயில் டிக்கெட் முன்பதிவு செய்யும் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறோம். மூன்று நாள் கடல் கடந்து சென்னையில் இறங்கும் நம் மக்கள், அங்கிருந்து எந்த ஊருக்குப் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள் என்பது எங்கள் சன்னலுக்குத் தெரியும்.

சென்ற ஆண்டு டிசம்பர் மாதம் நம் உறுப்பினர் ஒருவர் வந்தார். மகன் பெயரில் சென்னையிலிருந்து திருப்பூருக்கு ஒரு டிக்கெட் கேட்டார். “என்ன அண்ணே, பையனை மேற்படிப்புக்கு அனுப்புறீங்களா?” என்றோம். “இல்லே தம்பி, பனியன் கம்பெனி வேலைக்கு. காலேஜ் அவனுக்கு ஒத்து வரலையாம்” என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

தோழர்களே, அந்தப் பையன் யார்? அதே ஆண்டு ஜூன் மாதம் இதே மேடையில் நாம் சால்வை போர்த்திக் கைதட்டிய பையன்! ஜூனில் கைதட்டினோம். ஆகஸ்டில் அவன் எப்படியிருக்கிறான் என்று நம்மில் ஒருவர் கேட்டோமா? கேட்கவில்லை. அந்தக் குற்றத்தை ஒப்புக்கொண்டுதான் இன்று உங்கள் முன் நிற்கிறோம்.

என்ன நடந்தது? அவன் சோம்பேறி அல்ல, மந்தமானவனும் அல்ல. கீழ் வகுப்புகளைத் தமிழ் வழியில் படித்தவன். கல்லூரியில் ஒரு மணி நேரம் நிறுத்தாமல் ஆங்கிலத்தில் பாடம் நடந்தது. பக்கத்தில் இருந்தவர்கள் இந்தியில் பேசிச் சிரித்தார்கள். புரியவில்லை என்று எழுந்து சொல்ல வெட்கம். ஒரு வகுப்பைத் தவிர்த்தான். பிறகு ஒரு நாளைத் தவிர்த்தான். காலையில் டிபன் டப்பாவோடு கிளம்பி ஜெட்டியில் உட்கார்ந்துவிட்டு மாலையில் வீடு திரும்பினான். அட்டெண்டன்ஸ் போதாது என்று நோட்டீஸ் போர்டில் பெயர் ஒட்டினார்கள். தகப்பனார் அதைப் பார்க்க வழியில்லை. பரீட்சைக்கு அனுமதியில்லை என்ற பிறகுதான் வீட்டுக்குச் செய்தி எட்டியது.

பள்ளிக்கும் கல்லூரிக்கும் உள்ள வித்தியாசம் இதில் அடங்கியிருக்கிறது. பள்ளியில் பிள்ளை இரண்டு நாள் வராவிட்டால் வாத்தியார் ஆள் அனுப்புவார். வீட்டுப் பாடம் எழுதாவிட்டால் கேட்பார். எது முக்கியக் கேள்வி என்று அவரே கோடு போட்டுத் தருவார். கல்லூரியில் யாரும் வீட்டுக்கு வர மாட்டார்கள். பதினெட்டு வயது ஆனவன், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வான் என்பது அங்கே கணக்கு. படித்தவர் வீட்டில் அது சரிப்படும். அண்ணனோ அக்காளோ வழி சொல்வார்கள். குடும்பத்தில் முதல் முதலாகக் கல்லூரி போகிறவனுக்கு யார் சொல்வது?

நம் பெரியவர்கள் சாலை போடவும், ஜெட்டி கட்டவும், காட்டு வேலைக்கும் இந்தத் தீவுகளுக்கு வந்தவர்கள். 1964 சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்தால் இலங்கையை விட்டு வந்த குடும்பங்களில் சிலர் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியேற்றப்பட்டார்கள். 1967இல்தான் இங்கே ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி வந்தது. முதலில் பஞ்சாப் பல்கலைக்கழகத்தோடும் பிறகு பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தோடும் அது இணைக்கப்பட்டது. 1990இல் மாயாபந்தரில் மகாத்மா காந்தி அரசுக் கல்லூரி திறந்தார்கள். போர்ட் பிளேயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறியதும் உங்களுக்குத் தெரியும். ஊர் மாறியது, கல்லூரிகளும் வந்தன. ஒரு காலத்தில் கல்லூரிக்குள் நுழைவதுதான் நமக்குப் பெரும்பாடு. இன்று நுழைந்தபின் முதல் ஆண்டைத் தாண்டுவதுதான் பெரும்பாடு.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வருவதற்கு முன், பதினோராம் வகுப்பு முடித்தவர்கள் கல்லூரியில் பி.யு.சி. என்ற புகுமுக வகுப்பில் ஓராண்டு படித்தார்கள். தமிழ் வழியில் வந்த கிராமத்துப் பிள்ளைகள் அங்கே தட்டுத் தடுமாறினாலும், பட்டப் படிப்புக்கு முன் கல்லூரியைப் பழகிக்கொள்ள அந்த ஓராண்டு இருந்தது. பின்னர் அந்தப் படிப்பு பள்ளிக்குள் போய்விட்டது. இன்று பள்ளியிலிருந்து நேரே முதல் செமஸ்டர். அந்த இடைப் படிக்கட்டை நாம்தான் கட்டிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்கிறோம். ஊரில் அத்தை மகளுக்குக் கல்யாணம், குலதெய்வத்துக்குக் கொடை என்று பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கப்பல் ஏறுகிறோம். பள்ளியில் லீவு லெட்டர் கொடுத்தால் தலைமையாசிரியர் பொறுத்துக்கொண்டார். கல்லூரியில் கணக்கு வேறு. ஒரு செமஸ்டரில் 90 வேலை நாள் என்று வையுங்கள். நூற்றுக்கு 75 வருகை வேண்டுமென்றால் 68 நாள் இருந்தாக வேண்டும். மிச்சம் 22 நாள். போக வரக் கப்பலில் மட்டும் ஆறு நாள். டிக்கெட் கிடைக்கவில்லை, கப்பல் தள்ளிப் போனது என்றால் ஒரே கல்யாணத்தில் 22 நாளும் தீர்ந்தது. பிறகு பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் என்ன செய்வீர்கள்?

பெண் பிள்ளைகள் விஷயத்தில் நாம் இன்னும் மோசம். பள்ளி தெருமுனையில் இருந்தவரை அனுப்பினோம். கல்லூரிக்கு பஸ் ஏற வேண்டும், மாலையில் லைப்ரரியில் இருந்து வருவாள் என்றதும் முகம் சுளிக்கிறோம். முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனால், “போதும், மாப்பிள்ளை பார்” என்கிறோம். பையன் தவறினால் மறுபடி எழுதச் சொல்கிறோம். பெண் தவறினால் படிப்பையே நிறுத்துகிறோம். இது என்ன நியாயம், தாய்மார்களே? அந்தப் பேப்பரை அவளும் அடுத்த முறை எழுதித் தேறலாம்.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு காரியங்களை வைக்கிறோம். முதலாவது, கல்லூரி திறப்பதற்கு முன் ஒரு மாதம் மாலை வகுப்பு. நம் பட்டதாரிப் பிள்ளைகளே நடத்தட்டும். ஆங்கிலப் பாடப் புத்தகத்தை எப்படிப் படிப்பது, காதால் கேட்டு எப்படிக் குறிப்பெடுப்பது, இன்டர்னல் மார்க் என்றால் என்ன என்று சொல்லித் தரட்டும். இரண்டாவது, முதலாண்டுப் பிள்ளை ஒவ்வொருவருக்கும் மேல் வகுப்பு மாணவர் ஒருவர் துணை. ஞாயிறு தோறும் சந்தித்துக் கேட்க வேண்டும். மூன்றாவது, செப்டம்பரில் ஒரு நாள் கூலியை இழந்தாலும் பரவாயில்லை, தகப்பனோ தாயோ கல்லூரிக்குப் போய் வருகைக் கணக்கை விசாரிக்க வேண்டும். போகக் கூச்சமாயிருந்தால் சங்கத்திலிருந்து ஒருவர் கூட வருவோம். நான்காவது, முதலாண்டு மாணவருக்குத் தனி ஆங்கிலப் பயிற்சியும், நூலகத்தில் தமிழ்ப் பாட நூல்களும் வேண்டுமென்று நிர்வாகத்துக்கு மனுக் கொடுப்போம். இது பிச்சை அல்ல. இந்தத் தீவுகளின் சாலைகளில் நம் பெற்றோரின் வியர்வை கிடக்கிறது.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு ஒரே ஒரு வார்த்தை. புரியவில்லை என்று சொல்வது அவமானமல்ல. வகுப்பில் சொல்ல முடியாவிட்டால் வீட்டில் சொல்லுங்கள். வீட்டிலும் முடியாவிட்டால் எங்கள் சன்னலுக்கு வந்து சொல்லுங்கள். டிக்கெட் எடுக்க மட்டும்தான் அங்கே வர வேண்டுமென்பதில்லை.

திருப்பூர் போன பையனுக்குக் கடிதம் எழுதியிருக்கிறோம். இந்த ஜூலையில் மீண்டும் சேர வருகிறேன் என்று பதில் போட்டிருக்கிறான். இம்முறை அவனுக்குச் சால்வை வேண்டாம். ஆகஸ்டில் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவோம்.