கோலின் வட்டமும் பந்தின் வழியும்



கோல்ஃப் ஆட்டம் நம் நாட்டுக்குப் புதியதன்று. கொல்கத்தாவில் 1829-ஆம் ஆண்டிலேயே அதற்கென ஒரு சங்கம் தோன்றிவிட்டது. பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே அமைந்தவற்றுள் அதுவே மிகப் பழையது என்பர். தில்லியிலோ, ஜாகிர் உசேன் சாலையை ஒட்டிய மைதானத்தில் பழைய கல்லறை மாடங்களுக்கு நடுவே இவ்வாட்டம் நடைபெறுகிறது. பிழைப்பின் பொருட்டுப் பெருநகரங்களில் குடியேறிய நம்மில் பெரும்பாலோர் இதனைத் தொலைவிலிருந்தே கண்டவர்கள். ஒருவர் கோலை ஓங்கி வீசுகிறார். பந்து வானில் மறைகிறது. இது தோள்வலிமையின் ஆட்டம் என்றே நமக்கு முதலில் தோன்றுகிறது. ஆனால் வலிமைக்கு இதில் உள்ள பங்கைவிட வடிவகணிதத்துக்கு உள்ள பங்கே பெரிது. அதனை இன்று சற்று ஆராய்வோம்.

இவ்வீச்சை ஆங்கிலத்தில் 'ஸ்விங்' என்பர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இச்சொல்லைக் கேட்டதும் கை சற்றுத் தயங்குகிறது. ஊசல் எனலாம், வீச்சு எனலாம், ஊஞ்சல் என்றுகூடச் சொல்லிவிடலாம். அடி என்று மட்டும் சொல்லுதல் தகாது. அடிப்பவன் பந்தைக் குறிவைக்கிறான். வீசுபவன் ஒரு வட்டத்தை வரைகிறான். பந்து அவ்வட்டத்தின் வழியில் கிடக்கிறது, அவ்வளவே. புதிதாகக் கற்போர் படும் இன்னல்களுள் பாதி, வீசவேண்டிய இடத்தில் அடிக்கப் போவதால் விளைவதே.

பந்தோ மிகச் சிறியது. அதன் எடை 45.93 கிராமுக்கு மிகலாகாது, குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. நீண்ட கோலின் தலை மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதினால், பந்து ஏறத்தாழ 235 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்பும். இரண்டும் ஒன்றையொன்று தொட்டிருக்கும் நேரம் ஒரு விநாடியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு மட்டுமே. அந்நேரத்தில் கோலின் தலை நகர்வது சுமார் இரண்டு சென்டிமீட்டர். மோதலின் அதிர்வு தண்டின் வழியே ஏறிக் கையை அடைந்து மூளைக்கு எட்டுமுன் பந்து போய்விட்டது. மேலிருந்து கோல் இறங்கிவர ஆகும் நேரமே கால் விநாடிதான். கண்ணால் கண்டு கையால் திருத்த மனிதனுக்கு ஏறக்குறைய அதே அளவு நேரம் வேண்டும். ஆதலின் இறங்கத் தொடங்கிய வீச்சை நடுவழியில் எவராலும் செப்பனிட இயலாது. கடைசிக் கணத்தில் திருத்த வேண்டிய தேவையே எழாதவாறு முன்னதாக அமைக்கப்பட்ட வீச்சே செம்மையான வீச்சு.

அவ்வமைப்பில் முதலாவது வட்டத்தின் சாய்வு. பந்து தரையில் இருக்கிறது. ஆடுபவர் அதற்குப் பக்கத்தில் நிற்கிறார். எனவே கோல் வரையும் வட்டம், சுவர்க்கடிகாரம் போல் நிமிர்ந்தும் நில்லாது, இராட்டினம் போல் படுத்தும் கிடவாது. இரண்டுக்கும் நடுவே சாய்ந்திருக்கும். நீண்ட கோலுக்குச் சாய்வு மிகுதி; குட்டைக் கோலுக்கு நிமிர்வு மிகுதி. அமெரிக்க ஆட்டக்காரர் பென் ஹோகன் 1957-இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்க ஓர் உவமை கண்டார். பந்திலிருந்து சாய்வாக எழுந்து தோள்களின்மேல் படிந்திருக்கும் ஒரு பெரிய கண்ணாடிப் பலகை; அதிலுள்ள துளையின் வழியே ஆடுபவரின் தலை வெளியே தெரிகிறது. கைகள் கண்ணாடியை உடைத்து மேலெழலாகாது. பிற்காலத்தார் இவ்வுவமையில் பல திருத்தங்கள் சொன்னார்கள். ஆயினும் கற்போர் மனத்தில் பதியக்கூடிய படம் இதைவிட வேறொன்றை நாம் கண்டதில்லை. வட்டத்துக்கு மையம் நிலையாக இருத்தல் வேண்டும். அம்மையம் மார்பின் மேற்பகுதியில் உள்ளது. 'தலையை அசைக்காதே' என்னும் அறிவுரை இதிலிருந்து பிறந்ததே. ஆனால் தலையை ஆணியடித்தாற்போல் நிறுத்துபவர் உடலைத் திருப்ப மாட்டாமல் கைகளால் மட்டும் வெட்டுகிறார். அது நன்மையினும் தீமையே மிகுதியாகச் செய்கிறது.

இரண்டாவது, வேகம் பிறக்கும் முறை. அலஸ்டர் காக்ரன், ஜான் ஸ்டாப்ஸ் என்னும் இருவர் 1968-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூல் இவ்வீச்சை இரட்டை ஊசலாகக் கண்டது. தோளும் கைகளும் சேர்ந்து ஓர் ஊசல். அதன் நுனியில், மணிக்கட்டு என்னும் கீலில் தொங்கும் கோல் மற்றோர் ஊசல். இதற்கு நம் துணி துவைப்போரைக் காட்டிலும் நல்ல சான்று வேண்டுவதில்லை. மும்பையில் மகாலட்சுமி ரயில் நிலையத்துப் பாலத்தின்மீது நின்று கீழே தோபிகாட்டைப் பாருங்கள். நனைந்த துணியைத் தோளுக்கு மேல் சுழற்றிக் கொண்டுவருகிறார் ஒருவர். கல்லை நெருங்கும்போது அவர் கை தளர்கிறது. துணியின் நுனியோ அப்போதுதான் சீறிச் சென்று கல்லில் அறைகிறது. கையின் வேகம் குறையும்போது நுனியின் வேகம் கூடுகிறது. கோலிலும் இதுவே நிகழ்கிறது. ஏறும்போது தோள்கள் ஏறத்தாழ 90 பாகை திரும்ப, இடுப்பு அதில் பாதியளவு திரும்பும். இறங்கும்போது இடுப்பு முதலில் திரும்ப, மார்பு அதனைத் தொடர, கைகள் அதன்பின் வர, கோல் எல்லாவற்றுக்கும் பின்னால் வருகிறது. மணிக்கட்டின் மடிப்பு மையவிலக்கு விசையால் தானே விரிகிறது. பொறுமையற்றவர் அம்மடிப்பை மேலிருந்தே கைவிசையால் விரித்துவிடுகிறார். பந்தை அடையுமுன்பே வேகமெல்லாம் செலவாகிப் போகிறது. வலிமை மிக்க இளைஞர் ஒருவர் முயன்று அடித்த பந்தைவிட மெலிந்த முதியவர் ஒருவரின் பந்து தொலைவாகச் செல்வதன் மருமம் இதுவே.

இனி, பந்து எத்திசையில் செல்லும் என்பது. இதில் பல தலைமுறைகள் தவறாகவே பயிற்றுவிக்கப்பட்டன. கோல் வரும் வழியில் பந்து கிளம்பும், பின்னர் கோலின் முகம் நோக்கும் திசைக்கு வளையும் என்பது பழைய பாடம். இந்நூற்றாண்டில் டாப்ளர் ரேடார் கருவிகள் மைதானத்துக்கு வந்தபின் அளந்து பார்த்தனர். உண்மை ஏறக்குறைய தலைகீழாக இருந்தது. மோதும் கணத்தில் முகம் எங்கே நோக்குகிறதோ, பெரும்பாலும் அங்கேயே பந்து கிளம்புகிறது. நீண்ட கோலில் நூற்றுக்கு எண்பது பங்குக்கு மேல் முகத்தின் ஆட்சிதான். முகம் ஒரு பாகை பிறழ்ந்தால் 200 மீட்டர் தொலைவில் பந்து மூன்றரை மீட்டர் விலகும். அதன்பின் நேரும் வளைவோ, முகத்துக்கும் வழிக்கும் இடையே உள்ள கோணத்தால் விளைவது.

இது வெறும் ஏட்டு வழக்கன்று. வலக்கைக்காரர் ஒருவர் பந்து வலப்புறம் வளைந்து ஓடுகிறதே என்று வருந்துகிறார். இடுப்புக்கு முன் தோளைத் திருப்புவதால் கோல் வெளியிலிருந்து உள்நோக்கி, இடப்புறமாகக் குறுக்கே வெட்டி வருகிறது. முகமோ அவ்வழிக்கு வலப்புறம் திறந்திருக்கிறது. நோயின் மூலம் அங்கேதான். அவரோ இன்னும் இடப்பக்கம் திரும்பி நின்று, இன்னும் இடப்பக்கமாகவே வீசுகிறார். வழி மேலும் இடப்புறம் சாய, முகத்துக்கும் அதற்கும் உள்ள கோணம் விரிய, பந்து முன்னினும் மிகுதியாக வளைகிறது. மருந்தே நோயை வளர்க்கிறது. பத்தாண்டுகள் இவ்வாறே திரும்பித் திரும்பி நின்று மனம் சலித்து ஆட்டத்தை விட்டோர் பலர். தீர்வு நிற்கும் திசையில் இல்லை; பிடியில் உள்ளது. இடக்கையைச் சற்று வலப்புறம் உருட்டிப் பிடித்து, மேலிருந்து நோக்கினால் இரண்டு அல்லது மூன்று விரல் முட்டிகள் தெரியுமாறு செய்தல் வேண்டும். இறங்கும் வீச்சை இடுப்பிலிருந்து தொடங்குதல் வேண்டும். பந்து வைக்கும் இடத்தையும் கவனிக்க வேண்டும். சாய்ந்த வட்டத்தில், அடிப்புள்ளிக்கு முன் கோல் கீழ்நோக்கியும் வலப்புறமாகவும் செல்கிறது. அதனைக் கடந்தபின் மேல்நோக்கியும் இடப்புறமாகவும் செல்கிறது. பந்தைச் சில விரற்கடை முன்னே தள்ளி வைத்தாலே வழி மாறிவிடும்.

இரும்புக் கோலுக்கு அடிப்புள்ளி பந்துக்குச் சற்று முன்னே அமைதல் நன்று. கோல் கீழ்நோக்கி வந்து முதலில் பந்தையும் பிறகு புல்லையும் தொடும். கீழே அடித்தால் பந்து எப்படி மேலெழும் என்று ஐயுறுவோர் அதனை அள்ளித் தூக்க முயன்று தரையையே தோண்டுகின்றனர். மேலெழுப்பும் வேலையைக் கோலின் பின்சாய்ந்த முகம் செய்கிறது. பந்து பின்னோக்கிச் சுழன்றபடி கிளம்புகிறது. அச்சுழற்சியே பந்தை நெடுநேரம் வானில் தாங்குகிறது என்பதை 1890-களில் விளக்கியவர் எடின்பரோ பேராசிரியர் டெயிட். அவர் மைந்தர் ஃப்ரெடி டெயிட் 1896-இலும் 1898-இலும் பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டம் வென்றவர்.

இவற்றையெல்லாம் நூலில் படித்தே கற்கவேண்டும் என்பதில்லை. 1991-இல் இந்தியன் ஓப்பன் பட்டத்தை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை ஆட்டக்காரர் அலி ஷேர், தில்லி மைதானத்தில் பிறருடைய கோற்பையைச் சுமந்தவர். 2016, 2017 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அப்பட்டத்தை வென்ற சௌராசியா, கொல்கத்தாவின் அந்தப் பழைய மைதானத்தில் புல்தரையைப் பேணிய பணியாளரின் மகன். செல்வர்களுக்குரியதாகக் கருதப்பட்ட ஓர் ஆட்டத்தின் வடிவகணிதத்தை இவர்கள் கண்ணாலேயே கற்றனர். சங்கங்களில் உறுப்பினராவது இன்றும் எளிதன்று. ஆயினும் தில்லி லாடோ சராயில் உள்ளது போன்ற பொது மைதானங்களும் இப்போது தோன்றியுள்ளன.

அத்தகைய இடத்துக்குச் செல்லும் நேயர்கள் தொடக்கத்தில் ஒரு பயிற்சியை மேற்கொள்ளலாம். இரு பாதங்களையும் ஒட்டிவைத்து நின்று, நடுத்தர இரும்புக் கோலை எடுத்து, பாதி உயரத்துக்கு மட்டும் ஓங்கி வீசுங்கள். வலிந்து அடித்தால் உடல் தள்ளாடும். வட்டமாக வீசினால் நிலையாக நிற்கும். முப்பது பந்துகள் போதும். பாதங்களை அகற்றுவதை அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம்.