ஆறும் புண்ணும் ஆறாப் புண்ணும்

(கணியம்பாடியில் நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



வாய்ப்புண்ணைக் குறித்துச் சில வார்த்தைகள் கூற யாம் முன்வந்துள்ளோம். விஷயம் அற்பமெனத் தோன்றலாம். ஆயினும் அஃது உயிரைப் பற்றியதாகும்.

உண்ணும்போது நாவைக் கடித்துக்கொண்ட குழந்தையின் காயம் சில நாளில் சுவடின்றி மறைகிறது. முழங்காலிற்பட்ட காயமோ தழும்பை நிறுத்துகிறது. காரணம் யாதெனில், வாயின் உட்சவ்வில் இரத்த ஓட்டம் மிகுதி. அதன் மேலணுக்கள் தோலினும் விரைவாகப் புதுப்பிக்கப்படுகின்றன. உமிழ்நீர் காயத்தை உலரவிடாது காக்கிறது. அதிலுள்ள ஹிஸ்டாட்டின் என்னும் புரதங்கள் கிருமிகளை எதிர்ப்பதுடன், அணுக்கள் நகர்ந்து புண்ணை மூடவும் துணைசெய்கின்றன. பல் பிடுங்கிய குழியில் உறையும் இரத்தமே இயற்கை இடும் முதற்கட்டு. ஆகையால் முதல் நாள் வாய் கொப்பளித்து அதைப் பெயர்த்தலாகாது. பீடி சுருட்டும் ஆகா.

இத்துணை விரைவில் ஆறுமிடத்தில் ஒரு புண் இரண்டு வாரம் கடந்தும் ஆறாதிருப்பின், அஃது எச்சரிக்கையென்றே கொள்ளல் வேண்டும். வெள்ளைப் படை, சிவந்த திட்டு, தடிப்பு, வாயை அகலத் திறக்க இயலாமை ஆகியனவும் அத்தகையனவே. புற்றுநோய் தொடக்கத்திற் பெரும்பாலும் வலிப்பதில்லை. நம்மவருள் ஒரு பெரியவர் கன்னத்துள் எழுந்த புண்ணைப் பல் உரசியதென்றெண்ணிப் பல மாதம் கடத்தினார்; முடிவில் தாடையின் ஒரு பாகத்தையே நீக்க நேர்ந்தது.

புகையிலையே தீது, வெறும் பாக்கு தீதன்று என்பாருமுளர். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-இல் வெளியிட்ட நூலிலே பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதென வகுத்துள்ளது. புண்ணை ஆற்றுதற்கு உடல் நெய்யும் நார், பாக்கின் சத்தினால் அளவின்றிப் பெருகிக் கன்னத்தை இறுகச் செய்கிறது. ஆற்றும் தொழிலே அங்ஙனம் நோயாகிவிடுகிறது.

பரிகாரம் அரிதன்று. திருவனந்தபுரம் பகுதியிலே பயிற்சி பெற்ற ஊழியர் வீடுதோறும் சென்று மக்களின் வாயைப் பரிசோதித்தனர். அதனால், புகையிலை அல்லது மது வழக்கமுடையோருள் வாய்ப்புற்றால் நேரும் மரணம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2005-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. நமக்கோ, ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் வேலூரில் விதைத்த வைத்தியசாலை அண்மையிலுளது. அதன் ஊழியர் இவ்வட்டாரக் கிராமங்களிலும் நெடுங்காலமாகத் தொண்டு புரிகின்றனர். தூரமென்னும் சாக்கு நமக்கில்லை.

ஆதலின் யாம் வேண்டுவன இரண்டு. நம் வீட்டுச் சுபகாரியங்களில் தாம்பூலத் தட்டிலே புகையிலை வைத்தலை இன்றே ஒழிப்போமாக. பாக்கு மங்கலப் பொருளாக நிற்கட்டும், மெல்லும் பொருளாக வேண்டா. மாதந்தோறும் கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்துக்கொள்வோமாக. ஆறாத புண் கண்டால் மறுநாளே வைத்தியரை நாடுவோமாக.