விளங்காவிட்டாலும் "யேஸ் டொக்டர்"

(சித்திரைப் புத்தாண்டை முன்னிட்டு நடைபெற்ற முதியோர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கைவிசேடம் வாங்கி மகிழ்ந்திருக்கும் நேரத்தில் ஆஸ்பத்திரிக் கதை எதற்கு என்று சிலர் நினைக்கலாம். நல்ல நாளில் வருத்தத்தைப் பற்றிக் கதைக்கக்கூடாது என்று என் அம்மாவும் சொல்லுவா. ஆனால் எங்கட சனம் இத்தனை பேர் ஒன்றாகச் சேருவது இந்த நாளில்தானே.

ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போன விதம் உங்களுக்கு நினைவிருக்கும். விடியக் காலமை எழும்பி, யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில் துண்டு எடுத்து, வாங்கில் இருந்து, முறை வரும்போது டொக்டருக்கு முன்னால் போய் நிற்போம். அவர் ஏதோ எழுதித் தருவார். "எனக்கு என்ன வருத்தம் ஐயா?" என்று திருப்பிக் கேட்டால் அது மரியாதைக் குறைவு. அவரையும் குறை சொல்ல முடியாது, வெளியில் இருநூறு பேர் நிற்பினம். அந்தப் பழக்கத்தை நாங்கள் பெட்டியோடு சேர்த்து ரொறன்ரோவுக்கும் கொண்டு வந்துவிட்டோம். விளங்கினாலும் "யேஸ் டொக்டர்", விளங்காவிட்டாலும் "யேஸ் டொக்டர்".

இதில் நானும் குற்றவாளிதான். 1993இல் என் மாமாவுக்கு, அதாவது கணவரின் தகப்பனாருக்கு, குடலில் கட்டி என்று கண்டார்கள். வீட்டில் கொஞ்சம் இங்கிலீசு தெரிந்தவள் நான் என்பதால் கூடப் போனேன். டொக்டர் ஆறுதலாக இருந்து விளக்கினார். குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும், உள்ளே ஆறும் வரை வயிற்றில் ஒரு துளை வைத்து, மலம் ஒரு பைக்குள் போகும்படி செய்ய வேண்டி வரலாம் என்றார். ஒரு மருமகள் மாமனாருக்கு இதை எப்படிச் சொல்லுவது? எனக்கு வாய் வரவில்லை. "ஒண்டுமில்லை மாமா, சின்ன ஒப்பரேசன், கெதியாய் வீட்டை வந்திடலாம்" என்றேன். அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்று டொக்டருக்கும் சொன்னேன். மாமா கையெழுத்து வைத்தார்.

மயக்கம் தெளிந்து வயிற்றைத் தடவிப் பார்த்தவர் என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "பிள்ளை, உனக்கு இது முதலே தெரியுமோ?"

அதற்குப் பிறகு கன நாள் அவர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

உயிர் தப்பியதுதானே, பிறகென்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். ஏறத்தாழ இதே கேள்வி ஒருமுறை கனடாவின் உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ரீபிள் எதிர் ஹியூஸ் என்பது அந்த வழக்கின் பெயர். ரீபிள் போர்ட் கார்க் கொம்பனித் தொழிலாளி. வயது 44. ஆங்கிலம் அவருக்குத் தடுமாற்றம். 1970 மார்ச்சில், கழுத்து வழியாக மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் இருந்த அடைப்பை எடுக்க அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. டொக்டர் அதைத் திறமையாகத்தான் செய்தார். ஆனாலும் பாரிசவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. இன்னும் ஒன்றரை வருடம் அளவில் வேலை செய்திருந்தால் ஓய்வூதிய உரிமை கிடைத்திருக்கும், இப்படி ஒரு ஆபத்து இருக்கிறது என்று தெரிந்திருந்தால் அதுவரை பொறுத்திருப்பேன் என்பது அவருடைய வாதம். 1980இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. கத்தி பிடித்த கையில் பிழையில்லை, சொல்ல வேண்டியதைச் சொல்லாததே பிழை. நோயாளிக்கு ஆங்கிலம் கஷ்டம் என்றால், அவருக்கு விளங்கியதா என்று நிச்சயப்படுத்துவது டொக்டரின் பொறுப்பு என்றும் சொன்னது. எங்கட ஆக்களுக்காகவே சொன்னது மாதிரி இல்லையா?

1996இல் ஒன்ராறியோ மாகாணம் மருத்துவச் சம்மதம் பற்றித் தனிச் சட்டமே கொண்டு வந்தது. என்ன சிகிச்சை, அதால் என்ன நன்மை, என்ன ஆபத்து, என்ன பக்க விளைவு, வேறு வழி உண்டா, செய்யாமல் விட்டால் என்ன நடக்கும் என்று எல்லாம் நோயாளிக்குச் சொல்ல வேண்டும். அவர் கேட்கும் கேள்விகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்து வைத்த பிறகும் வேண்டாம் என்று சொல்லலாம்.

இனிச் சொல்லுவது சிலருக்குப் பிடிக்காது. நோயாளிக்கு நல்ல அறிவும் நினைவும் இருக்கும்வரை முடிவு அவருடையதுதான். மூத்த மகனுடையது அல்ல, கனடாவில் படித்த மருமகனுடையதும் அல்ல. "அம்மாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லிப் போடாதேங்கோ டொக்டர், அவ தாங்கமாட்டா" என்று கேட்கிற பிள்ளைகளை நான் கன பேர் கண்டிருக்கிறேன். பாசம்தான். ஆனால் செல்லடிக்குள்ளும் ஓடி, பிள்ளைகளைக் காப்பாற்றி, கடல் கடந்து வந்த மனுசி எதைத் தாங்கமாட்டா என்று நாங்கள் எப்படித் தீர்மானிக்கிறது? எனக்கு ஒன்றும் சொல்ல வேண்டாம், மகனிடம் சொல்லுங்கோ என்று அவவே கேட்டால் அது வேறு கதை. நினைவு தவறினால் யார் முடிவெடுப்பது என்பதற்கும் சட்டத்தில் வரிசை உண்டு. நீங்கள் அதிகாரப் பத்திரம் எழுதி ஒருவரை நியமித்திருந்தால் அவர், இல்லாவிட்டால் கணவன் அல்லது மனைவி, அதற்குப் பிறகுதான் பிள்ளைகளும் பெற்றோரும். அவர்களும் தங்கட விருப்பப்படி முடிவெடுக்க ஏலாது, நோயாளி முன்பு சொன்ன விருப்பத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மொழிபெயர்க்கப் பிள்ளைகளைக் கொண்டு போகாதேங்கோ. பன்னிரண்டு வயதுப் பெடியன் தாயின் மாதவிடாய்ப் பிரச்சினையை டொக்டருக்கு எப்படிச் சொல்லுவான்? அவன் வெட்கத்தில் பாதியை விடுவான், தாய் வெட்கத்தில் மிச்சத்தை விடுவா. ரொறன்ரோவின் பெரிய ஆஸ்பத்திரிகளில் தொலைபேசியிலாவது உரைபெயர்ப்பாளரைப் பிடித்துத் தருவார்கள், ஆனால் நீங்கள் கேட்க வேண்டும். "தமிழ் இன்ரர்பிறிற்றர், பிளீஸ்." மூன்றே சொல்லு. அவசர நிலையில் மட்டும், மொழி தெரிந்த ஆள் வரும்வரை காத்திராமல் வைத்தியம் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது.

இதையெல்லாம் தமிழில் சொல்லச் சொல் இல்லை என்று ஒரு கதை உண்டு. அமெரிக்க மிசனைச் சேர்ந்த டொக்டர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் எங்கட பெடியளுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். மருத்துவப் புத்தகங்களைத் தமிழாக்கினார். வெள்ளைக்காரனுக்கு வந்த சொல் எனக்குத்தான் 1993இல் வரவில்லை.

உங்கள் மருத்துவப் பதிவுகளைப் பார்க்கவும் பிரதி எடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. 1992இல் உச்ச நீதிமன்றம் அதைச் சொன்னது, 2004இல் ஒன்ராறியோவில் அந்தரங்கம் காக்கும் சட்டமும் வந்தது. ஆஸ்பத்திரியில் குறை இருந்தால் முதலில் அங்கேயே உள்ள நோயாளர் தொடர்புப் பிரிவில் சொல்லுங்கோ. தீராவிட்டால், 2016 முதல் இயங்கும் நோயாளர் குறைகேள் அதிகாரியிடம் போகலாம்.

வாய் திறந்தால் பலன் உண்டு. 2012இல் மத்திய அரசு அகதிகளின் மருத்துவக் காப்பைக் குறைத்தபோது, வழக்குப் போட்டவர்களில் டொக்டர்மாரின் அமைப்பும் ஒன்று. 2014இல் பெடரல் நீதிமன்றம் அந்தக் குறைப்பை அரசியலமைப்புக்கு மாறானது என்றது, 2016 ஏப்ரலில் காப்பு முழுதாகத் திரும்பியது.

சரி, எங்கட பக்கத்துக்கு வருவோம். எமேர்ஜென்சியில் "எங்களுக்குப் பிறகு வந்தவை முன்னுக்குப் போயினம், தோல் நிறம்தான் காரணம்" என்று உடனே கோபிக்கிறோம். அங்கே வந்த வரிசை பார்ப்பதில்லை. வருத்தத்தின் கடுமையை ஐந்து தரமாகப் பிரித்துத்தான் கூப்பிடுவார்கள். காத்திருக்கும்போது நோவு கூடினால் பேசாமல் இருக்காமல் தாதியிடம் போய்ச் சொல்லுங்கோ. குடிக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கோ, ஊரிலிருந்து வந்த கசாயம், சூரணம் உட்பட. சில நாட்டு மருந்து இரத்தம் உறைவதைக் கெடுக்கும், ஒப்பரேசன் மேசையில் தெரியவந்தால் பிந்திவிடும். வெறுவயிற்றோடு வரச் சொன்னால் "அரைக் கோப்பை பால் தேத்தண்ணிதானே" என்று கொடுக்காதேங்கோ. கொடுத்துவிட்டால் ஒளிக்காதேங்கோ. மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் உள்ளது நெஞ்சுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. ஒரு நோயாளியைப் பார்க்க ஒரு வான் நிறையப் போவதையும் கொஞ்சம் குறைப்போம். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரும் வருத்தக்காரர்தான்.

மாமாவின் கதையை முடிக்கவில்லை. சில மாதத்தின் பின் பையை எடுத்துக் குடலைத் திருப்பிப் பொருத்தும் நாள் வந்தது. இந்த முறை உரைபெயர்ப்பாளரைக் கேட்டு எடுத்தோம். நான் கதவுக்கு வெளியே இருந்தேன். மாமா கொப்பித் தாளில் எட்டுக் கேள்வி எழுதிக்கொண்டு உள்ளே போனார். வெளியில் வந்து, அன்றைக்குத்தான் என்னைப் பார்த்துச் சிரித்தார். எட்டாவது கேள்வி, இனி மரவள்ளிக் கிழங்கு சாப்பிடலாமோ என்பது. அந்தக் கிழங்கு என்னவென்று டொக்டருக்கு விளங்கப்படுத்தவே ஐந்து நிமிடம் போனதாம். முதலில் கஞ்சி, கிழங்கு பிறகு பார்ப்போம் என்று சொன்னாராம்.

வாசலில் உள்ள மேசையில் சின்ன அட்டைகள் வைத்திருக்கிறேன். ஒரு பக்கத்தில் உங்கள் மருந்துகளின் பெயரை எழுதலாம், மறு பக்கத்தில் தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கிறது. போகும்போது ஆளுக்கொன்று எடுத்துப் போங்கோ.