விளையாடும் மாணவருக்குச் சம்பளமா?

அமெரிக்காவில் 2025 ஜூலை முதல் கல்லூரிகளே தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அங்கே டிக்கெட்டிலும் டிவியிலும் கோடி கோடியாக வருமானம். நம் கல்லூரி வாலிபால் மேட்ச்சுக்கு டிக்கெட்டே கிடையாது. சம்பளம் கேட்க முடியாது.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட் உண்டு; நன்றாக ஆடினால் பிறகு ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை கிடைக்கலாம். ஆனால் திருத்தணியிலிருந்து மின்சார ரயிலில் சென்னைக் கல்லூரிக்குப் போய் ஆடிவிட்டு வரும் பிள்ளைக்கு முட்டை, பால், ஷூ செலவு இன்றைக்கே இருக்கிறது. கேலோ இந்தியாவில் தேர்வானவர்களுக்குக் கைச்செலவுக்கு மாதம் 10,000 ரூபாய். தேர்வாகாதவர்களே அதிகம்.

கல்லூரி பெயர் போட்ட பனியனோடு ஆடுகிற ஒவ்வொருவருக்கும் சிறு உதவித்தொகையும், காயத்துக்குக் காப்பீடும் கல்லூரிதான் தர வேண்டும். பணத்தைப் பிள்ளையின் வங்கிக் கணக்கிலேயே மாதாமாதம் வரவு வைக்கட்டும்.