ஊனமுற்ற போர்வீரரும் வீட்டு வாசற்படியும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ராணுவத்தில் ஊழியஞ் செய்து உடலூனத்தோடு ஊர் திரும்பியவர்களைப் பற்றியது. அவர்தம் வீரத்தைப் புகழ்வதற்கு வேறு மேடைகள் உள. 1949 முதல் வருஷந்தோறும் டிசம்பர் 7-ஆந் தேதி கொடிநாள் நடைபெறுகிறது. அன்று உண்டியலில் நாமும் காசு இடுகிறோம். இங்கே ஆராயப் புகுவது அதனினும் சிறிய கேள்வி. கால் வழங்காத ஒருவர் தம் வீட்டு வாசற்படியை எவ்வாறு ஏறுவார்? அவ்வாசலை மாற்றிக் கட்டிக்கொள்ளச் சர்க்காரிடம் உதவி பெற அவருக்குப் பாத்தியதை உண்டா? உண்டெனில் எம்மட்டு?

தஞ்சைச் சீமையின் பழைய வீடுகளை நீங்கள் அறிவீர்கள். காவிரியும் அதன் கிளைகளும் பெருகுங்கால் தெருவிலே தண்ணீர் நிற்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் அப்படியே. ஆகவே நம் முன்னோர் இரண்டடி மூன்றடி மேடெழுப்பி அதன்மேல் வீட்டை அமைத்தனர். தெருவினின்று படியேறினால் திண்ணை. அதைக் கடந்தால் நிலைவாசல். பின் ரேழி, கூடம், கூடத்தின் நடுவே தாழ்ந்த முற்றம், அடுக்களை, கொல்லை. கொல்லைக் கோடியிற் கழிப்பறை. நடக்க வல்லவர்க்கு இதனினும் சுகமான வீடு இல்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தவர்க்கோ தெருவுக்கும் கொல்லைக்கும் இடையே ஐந்தாறு தடைகள்.

சக்கர நாற்காலி ஏறும் சரிவுப்பாதை, ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளமேனும் இருத்தல்வேண்டும் என்பது பல தேசத்தாரும் ஒப்பிய அளவு. மத்திய சர்க்கார் 2021-இல் வெளியிட்ட கட்டட நெறிகளும் அதையே கூறுகின்றன. மூன்றடி மேட்டு வீட்டிற்கு முப்பத்தாறடிச் சரிவு வேண்டும். அதை வாசலினின்று நேரே இறக்கினால் எதிர்வீட்டுத் திண்ணையிற்போய் முட்டும். வெள்ளத்துக்கு அஞ்சி எழுப்பிய மேடு, வீட்டுக்குரியவரையே வெளியே நிறுத்துகிறது.

முதல் உலக யுத்தத்தில் ஊனமுற்ற இந்தியச் சிப்பாய்களுக்குக் கைத்தொழில் கற்பிக்கும்பொருட்டு 1917-இல் பம்பாயில் தொடங்கிய ராணி மேரி தொழிற்பள்ளி, 1922-இல் புனாவை அடுத்த கிர்கீக்கு மாறியது. அதே கிர்கீயில், முதுகெலும்பு முறிந்து இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த வீரர்களுக்கென 1974-இல் ஒரு புனர்வாழ்வு நிலையம் ஏற்பட்டது. இத்தகைய நிலையத்தில் வாசலும் குளியலறையும் நாற்காலிக்கு ஏற்றபடியே அமையும். அங்கே தாமே குளிக்கவும் தாமே உலாவவும் பழகிய ஒருவர், விடைபெற்று டெல்டாக் கிராமத்துக்கு வந்தவுடன், மனைவியும் மகனும் தூக்கினாலன்றித் திண்ணை தாண்ட இயலாதவர் ஆகிறார். அவர் உடலின் ஊனம் அங்கும் இங்கும் ஒன்றே.

இனிப் பாத்தியதையைப் பார்ப்போம். ராணுவ வைத்தியக் குழு ஊனத்தை நூற்றுக்கு இவ்வளவு என்று மதிப்பிடும். நூற்றுக்கு 20-க்குக் குறையாமல் இருக்கவேண்டும். அவ்வூனம் ராணுவ ஊழியத்தால் நேர்ந்ததாகவோ ஊழியத்தால் மிகுந்ததாகவோ இருக்கவேண்டும். இவ்விரண்டும் கூடினால் ஊனப் பென்ஷன் உண்டு. முழு ஊனத்துக்கு அதன் ஊனப் பங்கு, கடைசியாகப் பெற்ற சம்பளத்தில் நூற்றுக்கு 30. ஊனம் குறையக் குறைய அதுவும் குறையும். முழு ஊனமுற்றவர்க்கு ஓயாத துணை வேண்டுமென வைத்தியக் குழு எழுதினால், துணையாளுக்கென ஒரு படியும் சேரும். தூக்குகிற ஆளுக்குப் படி கொடுக்கும் விதி, தூக்கவேண்டாதபடி வாசலைத் திருத்துவதற்கு ஒன்றுங் கூறவில்லை.

வீட்டைக் குறித்து ஏதுமே இல்லையோவெனின், உண்டு. முன்னாள் வீரர் நலனுக்கான கேந்திரிய சைனிக் போர்டு, ஹவில்தார் பதவி வரையிலுள்ளோரில் நூற்றுக்கு 100 ஊனமுற்றவர்க்கு வீடு பழுதுபார்க்க ஒரே தடவை 20,000 ரூபாய் என ஒரு திட்டம் வகுத்தது. யுத்தத்தில் ஊனமுற்றார்க்கும், ஊழியத்தின் காரணமாகச் சமாதான காலத்தில் ஊனமுற்றார்க்கும், வீடு கட்ட வாங்கிய பாங்கிக் கடனின் வட்டியிற் பாதியை 1,00,000 ரூபாய்க்கு மேற்படாமல் திருப்பித்தரும் திட்டமும் அதனுடையதே. பென்ஷனில் வந்தபின் நூற்றுக்கு 50-க்குக் குறையாமல் ஊனமுற்றவர்க்கு மாற்றியமைத்த ஸ்கூட்டர் முதலிய வாகனம் வாங்க உதவியும் வகுத்தது.

மூன்றையும் ஒருங்கு நோக்குங்கள். ஒன்று ஊனத்தின் அளவைக் கேட்கிறது. மற்றொன்று காரணத்தைக் கேட்கிறது. பின்னது ஊனம் நேர்ந்த காலத்தைக் கேட்கிறது. வீட்டுக்கு எத்தனை படி என்று ஒன்றும் கேட்கவில்லை. சிப்பாய்கள் பெரும்பாலோர் நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பி நிலத்தில் இறங்குகின்றனர். அவ்வாறு வந்த ஒருவர் தென்னையினின்று விழுந்து இடுப்பொடிந்தாரென்று வைத்துக்கொள்வோம். வாகனம் அவருக்குக் கிடைக்கலாம். அது தெருவில் நிற்கும். அவர் கூடத்திற் கிடப்பார். இடையிலுள்ள மூன்றடிக்கு ஒரு திட்டமும் இல்லை.

அமெரிக்க தேசத்தார் இதனை வேறுவிதமாக நோக்கினர். இரண்டாம் யுத்தம் முடிந்து மூன்று வருஷம் கழித்து, 1948-இல், கால்கள் செயலிழந்து சக்கர நாற்காலியில் வாழும் முன்னாள் வீரர்க்கு, அதற்கேற்ற வீட்டின் செலவிற் பாதியை 10,000 டாலருக்கு மேற்படாமல் அளிக்கச் சட்டஞ் செய்தனர். வைத்தியத்தின் பகுதியாக வீட்டைத் திருத்தும் சிறு உதவியும் அங்கே உண்டு. 2010-இல் அதனை ஊழியத்தால் ஊனமுற்றார்க்கு 6,800 டாலர் என்றும், பிற காரணத்தால் ஊனமுற்ற முன்னாள் வீரர்க்கு 2,000 டாலர் என்றும் உயர்த்தினர். காரணம் வேறானால் தொகை குறைகிறது, கதவு அடைபடவில்லை. அத்தேசத்தின் செல்வம் நமக்கில்லை என்று சொல்லலாம். நாம் கேட்பது தொகையை அன்று. கணக்குப் பார்க்கும் முறையை.

காரணத்தைப் பற்றிய வழக்கு நம் நாட்டில் நெடுநாள் நடந்தது. ராணுவத்திற் சேரும்போது குறையொன்றும் பதிவாகாத ஒருவர், பிற்காலத்தில் நோயால் நீக்கப்பட்டால், அந்நோய் ஊழியத்தால் வந்ததென்றே கொள்ளவேண்டும், மறுப்பதாயின் நிரூபிக்கும் பாரம் சர்க்காருடையது என்று சுப்ரீம் கோர்ட்டார் தரம்வீர் சிங் வழக்கில் 2013-இல் தீர்ப்பளித்தனர். 2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் வந்தன. அதற்குப் பின் ஊழியத்தை விட்டவர்கள் அவ்விதிகளையே பார்த்துக்கொள்ளவேண்டும். பழைய விதிக்குட்பட்டு மறுக்கப்பட்டவர்கள், 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி அமைந்த ராணுவ நியாய சபையை அணுகலாம். சென்னையிலும் அதன் கிளை உண்டு.

நம்மவரிற் பலர் நினையாத மற்றொரு வாசலும் இருக்கிறது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளர் உரிமைச் சட்டம் நூற்றுக்கு 40 ஊனத்தைக் கேட்கிறதேயன்றி, அது எங்கே எப்படி வந்ததென்று கேட்பதில்லை. அதன் 37-ஆவது பிரிவு, சர்க்கார் வீட்டுத் திட்டங்களில் நூற்றுக்கு 5 பங்கை இத்தகையோர்க்கு ஒதுக்கச் சொல்லுகிறது. பெண்களுக்கு அதில் முன்னுரிமை. முன்னாள் வீரர் என்ற கௌரவம் உடையவர் பொதுஜன வரிசையில் நிற்கக் கூச்சப்படுகிறார். ராணுவ வைத்தியக் குழுவின் சான்றே போதும் என்றிருந்து, மாவட்ட வைத்தியரிடம் தனிச் சான்றும் அடையாள அட்டையும் பெறாமலே விட்டுவிடுகிறார். இரண்டும் வேறு வேறு கணக்கு. இரண்டையும் பெறுதல் தகும்.

சர்க்கார் கொடுக்கட்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டுவதில்லை. பெரும்பாலான நம் வீடுகளுக்குப் பக்கத்திற் சந்தோ கொல்லையில் வெளியோ உண்டு. சரிவை முன்வாசலில் இறக்காமல் பக்கச் சுவரை ஒட்டி இறக்கி, நடுவில் ஒரு திருப்பம் கொடுத்தால் முப்பத்தாறடியும் அடங்கிவிடும். திருப்பத்தில் ஐந்தடிச் சதுரம் சமதளம் விடவேண்டும். கதவு மூன்றடி திறக்கவேண்டும். நிலைப்படியை வெட்டுதல் ஆகாதென்று பெரியோர் தடுப்பர். வெட்டவேண்டாம், இருபுறமும் மரத்தாற் சாய்வு செய்து வைத்தாற் போதும். கழிப்பறையை மட்டும் கொல்லைக் கோடியில் விட்டுவைத்தல் கூடாது. மழை நாளில், இருட்டில், கணவரைத் தோளிற் சார்த்திக்கொண்டு சேற்றில் நடக்கும் மனைவியின் முதுகுவலியை எந்த வைத்தியக் குழுவும் நூற்றுக்கு இவ்வளவென்று எழுதியதில்லை. 2018 நவம்பரில் கஜா புயலுக்குப் பின் பட்டுக்கோட்டைப் பக்கத்திலும் கடற்கரையோரத்திலும் வீடுகள் புதிதாய்க் கட்டநேர்ந்தது. அத்தகைய வேளையில் சரிவுக்கும் அகன்ற கதவுக்கும் ஆகும் செலவு, கட்டி முடித்தபின் இடித்துச் செய்வதைவிடச் சொற்பம்.

சங்கத்தார்க்கு நாம் சொல்லும் யோசனை இதுவே. ஒவ்வொரு கிளையிலும் ஊனமுற்ற முன்னாள் வீரர் உள்ள வீடுகளைக் குறித்து, படியின் உயரம், சந்தின் நீளம், கதவின் அகலம் மூன்றையும் அளந்தெழுதுதல் வேண்டும். ராணுவ விடுதலைச் சீட்டு, வைத்தியக் குழுவின் அறிக்கை, பென்ஷன் உத்தரவு, மாவட்ட வைத்தியர் சான்று ஆகியவற்றின் நகல்களை அத்துடன் சேர்த்து, தஞ்சாவூரிலுள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற் கொடுத்து, கொடுத்ததற்குக் கையெழுத்துப் பெறவேண்டும். பழுதுபார்க்கும் தொகையைச் சரிவு கட்டவும் கழிப்பறை மாற்றவும் செலவிடத் தெளிவாக அனுமதிக்கும்படியும், முழு ஊனத்துக்குக் குறைந்தவர்க்கும் படிகளின் கணக்கைப் பார்த்து அளிக்கும்படியும் ஒரு விண்ணப்பம் டில்லிக்கு அனுப்பலாம். அளந்தெழுதிய அந்தக் காகிதங்களையும் விண்ணப்பத்தோடு இணைத்தனுப்புதல் நலம்.

அளக்கும் வேலையை நமது சங்க மண்டபத்திலேயே தொடங்கலாம். வாசலில் ஐந்து படி. முப்பது அங்குல உயரம். முப்பதடிச் சரிவு வேண்டும். மேற்குச் சந்தில் நாற்பதடி இடமிருக்கிறது.