பறவைக்கு அது பசி நேரம்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் முதல் நாள் மாலை அமர்வில் பேசியதன் எழுத்து வடிவம்)



"உன் ஆபீஸ் கதையெல்லாம் வேண்டாம்ப்பா, காலங்கார்த்தால போய் பறவைப் படம் எடுக்கிறியே, அதைப் பத்திச் சொல்லு" என்று சங்கச் செயலாளர் கண்டிஷன் போட்டுவிட்டார். நாலரை மணிக்கு அலாரம் வைக்கிற வேலை அது என்றதுமே முன்வரிசையில் இரண்டு பேர் கொட்டாவி விடுகிறார்கள். பரவாயில்லை.

ஏன் விடியற்காலை? நாம் பொறியாளர்கள், காரணம் கேட்போம். அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி, உச்சியில் இருக்கும்போது கடப்பதைப்போல 30 மடங்குக்கும் மேலான காற்றைக் கடந்து வருகிறது. வழியில் நீலம் சிதறிப்போய், மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன. ஒளி பக்கவாட்டில் விழுவதால் இறகின் ஒவ்வொரு வரியும் எழுந்து நிற்கும். கண்ணில் ஒரு வெளிச்சப் புள்ளி விழும். அந்தப் புள்ளி இல்லாத பறவை, படத்தில் பாடம் செய்து வைத்த பொம்மை மாதிரி இருக்கும். ஒன்பது மணி ஆனால் தரை சூடேறி, நீர்ப்பரப்பின் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். பிறகு எத்தனை லட்சம் ரூபாய் லென்ஸ் வைத்திருந்தாலும் படம் கலங்கித்தான் வரும்.

வெளிநாட்டுப் புத்தகங்களில் இதைப் 'பொன் மணி நேரம்' என்று எழுதியிருப்பார்கள். அவர்கள் ஊரில் சூரியன் சாய்வாக, சோம்பலாக ஏறுகிறது. நம் ஊரில் ஏறக்குறைய நிமிர்ந்தே ஏறும். நாலு நிமிடத்துக்குச் சுமார் ஒரு டிகிரி. அந்தப் பொன் நிறம் 6 டிகிரி வரைதான் என்று வைத்துக்கொண்டால் நமக்குக் கிடைப்பது 25 நிமிடம். மணி நேரமெல்லாம் இல்லை.

அந்த 25 நிமிடத்துக்குள் கேமராவோடும் மல்லுக்கட்ட வேண்டும். கரிய நீருக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், கேமரா இருட்டைப் பார்த்துப் பயந்து ஒளியைக் கூட்டிவிடும். கொக்கு சுண்ணாம்புக் கட்டி ஆகிவிடும். ஒரு ஸ்டாப் குறைத்து வைக்க வேண்டும். வெளிறிய வானத்துக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நீர்க்காகத்துக்கு நேர் எதிர், கூட்டி வைக்க வேண்டும். பறக்கும் பறவை கலங்காமல் நிற்க ஷட்டர் 1/1000 நொடிக்கு மேலே வேண்டும். அந்த வெளிச்சத்தில் அதற்கு ஐ.எஸ்.ஓ. 1600, 3200 என்று ஏற்றத்தான் வேண்டும். படத்தில் மணல் மணலாகத் தெரிந்தால் தெரியட்டும். இதெல்லாம் ஒரு மாதத்தில் கைவந்துவிடும்.

கைவராதது வேறு. நமக்கு அவசரமான அதே 25 நிமிடம் பறவைக்கும் அவசரம். இரவு முழுக்கப் பட்டினி கிடந்து, முதல் வெளிச்சத்தில் இரை தேட இறங்குகிறது. (வக்காவை மட்டும் விட்டுவிடுங்கள், அது நைட் ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.) நாம் நல்ல ஒளி என்று சொல்லும் நேரம் அதற்குச் சாப்பாட்டு நேரம்.

ஒரு ஏரிக்கரையில் பார்த்ததைச் சொல்கிறேன். பூநாரைகள் தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து மேய்ந்துகொண்டிருந்தன. நாலைந்து பேர் பெரிய பெரிய லென்ஸோடு வந்தார்கள். பூநாரையின் இளஞ்சிவப்பு இறக்கையை விரித்தால்தானே தெரியும்? ஒருவர் இரண்டு கையையும் தட்டி "ஹோ" என்று கத்தினார். அத்தனையும் தண்ணீரில் தடதடவென்று ஓடி எழும்பின. பூநாரை நின்ற இடத்திலிருந்து ஜிவ்வென்று கிளம்ப முடியாத பறவை, ஓடித்தான் எழும்ப வேண்டும். அவர்களுக்கு அருமையான படம் கிடைத்திருக்கும். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டம் சுற்றிச் சுற்றி வந்து, தூரத்தில் இறங்கி, மறுபடி அலகைத் தண்ணீரில் வைக்க 20 நிமிடம் ஆயிற்று. அன்றைய பொன் வெளிச்சமும் அதோடு சரி. பக்கத்தில் இருந்த மீன்காரப் பெரியவர் கேட்டார்: "ஏன் தம்பி, நாம சோத்துல கைய வைக்கும்போது எவனாச்சும் இலைய இழுத்தா சும்மா இருப்போமா?"

கூட்டில் இருக்கும் பறவையென்றால் இன்னும் மோசம். தாய் பயந்து எழுந்து போன அடுத்த நிமிடம் காக்கை முட்டைக்கு வந்துவிடும். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் 'வேட்டை' என்ற சொல்லுக்குள்தான் வருகிறது. துப்பாக்கி இருந்தால்தான் வேட்டை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

வேடந்தாங்கல் ஊர்க்காரர்களுக்குச் சட்டம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் அங்கே பறவைகளைச் சுட்டபோது, ஊரே போய் கலெக்டரிடம் முறையிட்டது. 1790-களின் கடைசியில் தடை உத்தரவும் வாங்கியது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அவர்கள் கணக்கு. தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருந்த ஊர் அது. 2022-இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்ததை நாம் செய்தித்தாளில் படித்தோம். அதற்கு 200 வருஷம் முன்னாலேயே அவர்கள் வேலையை ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்படியானால் படம் எடுப்பது எப்படி? இருட்டு இருக்கும்போதே போய் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான். வெளிச்சம் வரும்போது நாம் அங்கே ஒரு புதர், ஒரு கல். நத்தை குத்தி நாரை தானாக நடந்து வரும். சாலையோர ஏரியென்றால் காரைவிட்டு இறங்க வேண்டாம். காரைப் பொறுத்துக்கொள்ளும் பறவை, நடந்து வரும் மனிதனைப் பொறுக்காது. மேய்வதை நிறுத்திக் கழுத்தை நீட்டி நம்மைப் பார்த்தால், அது நமக்குப் போட்ட கோடு. அங்கேயே நில்லுங்கள், முடிந்தால் பின்வாங்குங்கள். படம் சின்னதாக வந்தால் வரட்டும், வீட்டில் போய் வெட்டிப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

வர ஆசைப்படுபவர்கள் நாளைக் காலை ஐந்தே காலுக்கு விடுதி வாசலில் இருங்கள். கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்குத்தான் போகிறோம். பளபளவென்ற சட்டை வேண்டாம். செல்போனை வாய்மூடச் சொல்லிவிடுங்கள். கேமரா கட்டாயமில்லை. டீ, பிளாஸ்கில் நான் கொண்டுவருகிறேன்.